ஜூலை இரண்டாம் தேதிக் காய்ச்சல்

ஜூன் 12, திங்கள்

வக்கீல் மரகதம் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானாவது, டைரி எழுதுவதாவது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னாலே எனக்கு வயிற்று வலி வந்துவிடும்.

"தேதி, நேரம் போட்டு எழுதி வெச்சுக்கோங்க கலாமணி. அவரு எப்ப வந்து கூட்டீட்டுப் போறாரு, எப்பக் கொண்டாந்து விடறாரு, புள்ளைக்கு என்ன வாங்கிக் குடுத்தாரு, எதையும் விட்றாதீங்க. கோர்ட்டுல வாயில சொல்றது வேற, எழுதுனத எடுத்து நீட்டறது வேற" என்றார்.

விஷயம் இதுதான். நானும் சிகாமணியும் சேர்ந்தே விவாகரத்து மனுப் போட்டு நான்கு மாதமாகிறது. ஆறு மாதம் பொறுங்கள் என்றார்கள். ஆகஸ்ட் பத்தாம் தேதியோடு அந்தக் கெடு முடிகிறது. நகை, பீரோ, ஃப்ரிட்ஜ், பிள்ளைக்கு மாதாமாதம் அவர் தர வேண்டியது, எல்லாம் பேசித் தீர்த்தாயிற்று. கிரைண்டருக்குக்கூடச் சண்டை வரவில்லை. பாக்கி நிற்பது தாரணி மட்டும்தான். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிப் போய் ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடுகிறார். இனிமேல் சனிக்கிழமை சாயங்காலமே கூட்டிப்போய் ராத்திரி அங்கேயே தங்கவைத்துக்கொள்வாராம். நடக்காது என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொல்கிற மனிதரிடம் பிள்ளையை எப்படி ராத்திரிக்கு விடுவது? சாயப்பட்டறையை மூடி இவருக்கு வேலை போயிற்று. அதை என்னிடம் சொல்லாமல் நான்கு மாதம், தினமும் காலை எட்டரைக்கு நான் கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போவதுபோலப் போய், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அந்தச் சோற்றையும் நான்தான் வடித்தேன். கூட வேலை செய்கிற பாப்பாத்தி அக்கா பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை போனதை மட்டும் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன்.

எனக்குப் பிழைப்பே குறை கண்டுபிடிப்பதுதான். பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, எங்கே இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி 'ஆல்டர்' மேசைக்குத் தள்ளுவேன். அங்கே சரி பண்ணுவார்கள். நல்ல பீஸ் என்றால் என் நம்பரை ஒட்டி அனுப்புவேன். என் நம்பர் 14. பிறகு குறை வந்தால் என் மேசைக்குத்தான் திரும்பி வரும். பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை. சிகாமணியைச் செக் பண்ணுவது எனக்குப் பெரிய காரியமா?

ஜூன் 18, ஞாயிறு

பத்து மணி என்றால் பத்து மணி. வந்தது பத்து இருபத்தைந்துக்கு. "ஷிப்டு முடிய நேரமாயிருச்சு" என்றார். இப்போது வேறொரு சாயப்பட்டறை. நகக்கண்ணெல்லாம் நீலம். அந்தக் கையோடுதான் பிள்ளைக்குச் சோறு பிசைந்து கொடுப்பார்.

முன்பெல்லாம் மாமா என்று கூப்பிடுவேன். இப்போது எதுவும் கூப்பிடுவதில்லை. "இங்க பாருங்க, அஞ்சு மணிக்கு வந்திருக்கோணும்" என்றேன். ஐந்து பத்துக்குக் கொண்டுவந்து விட்டார்.

மத்தியானம் பரோட்டா. தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ரெட்டை ஜடையில் ஒன்று தடிமன், ஒன்று எலிவால். யார் பின்னியது என்று கேட்டேன்.

"அப்பாதான். போன்ல வீடியோ வெச்சுப் பாத்துப் பாத்துப் பின்னுனாரு. ஒரு மணி நேரமாச்சு."

"பிரிச்சு நல்லாப் பின்னி விடறேன், வா."

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

பிரித்துப் பின்னிவிட்டேன். குறை: ஐந்து.

ஜூன் 20, செவ்வாய்

தண்ணீர் விடவில்லை. பக்கத்துத் தெருக் குழாயில் ஒன்பது குடம்.

ஜூன் 22, வியாழன்

கம்பெனியில் மிச்சமான அம்பு ஸ்டிக்கர் ஒரு தாள் கொண்டுவந்தேன். தாரணி வீடு முழுக்க ஒட்டிவிட்டாள். விரிசல் விட்ட கண்ணாடி, கைப்பிடி ஆடுகிற வாணலி, பல்லி வால் போன இடம். பல்லி ஓடிவிட்டதால் சுவரில் ஒட்டியிருக்கிறாள். வயிறு குலுங்கச் சிரித்தேன். நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

"ஒட்டுனதுக்கப்புறம் தெச்சவங்களத் திட்டுவீங்களா அம்மா?"

"சேச்சே. ஒருத்தரையும் திட்டக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டுனாப் போதும், கண்ணு. பாத்து ஆல்டர் பண்ணீருவாங்க."

தாளில் மிச்சமிருந்ததை அவளே எடுத்து பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

ஜூன் 25, ஞாயிறு

பத்து மணிக்குச் சரியாக வந்து நிற்கிறார். வக்கீல் எழுதச் சொன்னது எப்படியோ காதுக்குப் போயிருக்கும்.

சாயங்காலம் தாரணி முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். சைக்கிள் பழக்குகிறாராம். போனில் படம் எடுத்துக்கொண்டேன், வக்கீலுக்குக் காட்ட. படம் எடுக்கும்போது "வலிக்குதா?" என்றேன். "வலிக்கல. நான் விடாம ஓட்டுனேன். அப்பா பின்னாடியே ஓடியாந்தாரு. அப்பறம் பாத்தா புடிக்கவே இல்ல!" என்று குதித்தாள். அசையாமல் நில் என்று அதட்டினேன். படம் இரண்டு தரம் கலங்கிப் போயிற்று.

சாப்பிடும்போது கேட்டாள். "சனிக்கெழம அங்க படுத்துக்கிட்டா மொட்ட மாடியில பாய் போட்டுக்கலாமாம். போகட்டுமா அம்மா?"

கொசு கடிக்கும் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கழுவி வைத்திருந்த குக்கரை எடுத்து மறுபடி தேய்த்தேன். பிறகு அலமாரித் தாளை மாற்றினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. குறை: மூன்று. சிராய்ப்பை இரண்டாகக் கணக்கு வைத்தேன்.

ஜூன் 29, வியாழன்

பையைத் துவைக்கப் போட்டபோது கணக்குப் பேப்பர் கிடைத்தது. இருபத்தைந்துக்குப் பதினொன்று. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் சிகாமணி கையெழுத்து. அதுவும் போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு.

"எங்கிட்ட ஏன் காட்டல?"

பென்சில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள்.

"காது கேக்குதா இல்லியா?"

"நீ திட்டுவே."

நான் எங்கே திட்டுகிறேன்? எது தப்பு என்று சொல்வேன், அவ்வளவுதான். ஏழாம் கணக்கில் கடன் வாங்கிக் கழிக்க மறந்திருக்கிறாள், மூன்றாம் கணக்கில் ஆறை ஒன்பதாகப் படித்திருக்கிறாள். உட்காரவைத்துப் பதினாலு தப்பையும் காட்டினேன். அழுதாள். அவருடைய புத்தி பிள்ளைக்கும் தொற்றிவிட்டது, மறைக்கிற புத்தி. இதை வக்கீலிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

ஜூலை 2, ஞாயிறு

தாரணிக்குக் காய்ச்சல். அனுப்பவில்லை.

காலை எட்டு மணிக்கே போனில் சொல்லிவிட்டேன். எத்தனை டிகிரி என்று கேட்டார். நூற்றொன்று என்றேன். அப்படியும் பத்து மணிக்கு வாசலில் பைக் சத்தம். டிவியை அணைத்திருந்தேன். தாரணி சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். "எட்ட நின்னு ஒருக்கா பாத்துட்டுப் போயிர்றனே" என்றார். எழுந்துவிடுவாள் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து கேட்டில் ஒரு பையை மாட்டினார். சீவின இளநீர் இரண்டு, ஒரு பிரெட், காய்ச்சல் மருந்து. மருந்து அவள் வயதுக்குச் சரியானதுதானா என்று பார்த்தேன். சரிதான். இளநீர் வெயிலில் தொங்கிச் சூடாகிவிட்டது. குறை: ஒன்று.

பொழுது சாய்ந்ததும் பாப்பாத்தி அக்கா பேத்திக்குப் பூப்புச் சீர். போய்விட்டு வந்தோம். தாரணிக்குப் புதுப் பாவாடை நன்றாக இருந்தது. ஐஸ்கிரீம் இரண்டு தின்றாள். மூன்றாவதும் கேட்டாள், தொண்டை கட்டும் என்று இழுத்து வந்தேன்.

ஜூலை 3, திங்கள்

இளநீர் மட்டையைக் குப்பை வண்டியில் போட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

பத்தே முக்காலுக்கு வந்தார். வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகத் தாரணி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பப் பரவாயில்லியா கண்ணு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "ம்" என்றாள்.

சமர்த்துப் பிள்ளை. சொல்லிக்கொடுக்காமலே தெரிகிறது. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்றேன். மத்தியானத்துக்குக் குழம்பு வைத்திருந்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தேன். அது போன வாரம் துவைத்ததுதான். இன்று குறை எத்தனை என்று எழுத மறந்துவிட்டது.

ஜூலை 13, வியாழன்

கோர்ட்டில் கவுன்சிலிங். மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி. கவுன்சிலிங் மேடம் நல்ல மாதிரி. முதலில் தாரணியைத் தனியாகப் பத்து நிமிஷம் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன். "ஒண்ணுமில்ல." நீ என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்ல." நான்கு மாதம் சாயங்காலந்தோறும் "இன்னைக்கு வேல எப்படி?" என்று கேட்டதற்கு அந்த மனிதர் சொன்ன பதிலும் இதேதான்.

பிறகு நாங்கள் இருவரும் போனோம். பொய் சொன்னவரிடம் பிள்ளையை எப்படி ராத்திரி விடுவது என்று ஆரம்பித்தேன், நிறுத்தவில்லை. மேடம் அவர் பக்கம் திரும்பி, "நாலு மாசம் ஏன் சார் சொல்லல?" என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மொத நாளே சொல்லோணும்னுதானுங்க மேடம் வந்தேன். அன்னைக்குன்னு பாத்து, துண்டை ஈரமாப் போட்டுட்டேன், கதவச் சாத்தல, தக்காளி அழுகல்னு வரிசையாச் சொல்லீட்டு இருந்தா. இதையும் அதுங்கூடச் சேத்துச் சொல்ல வாய் வரல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு நாளைக்குன்னே நாலு மாசம் போயிருச்சுங்க. தப்புத்தான்."

"அழுகல் தக்காளிய அழுகல்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றதுங்க?" என்று நான் கேட்டேன். மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். எனக்குக் கோபமான கோபம். பழியைத் தூக்கித் தக்காளி மேல் போட்டுவிட்டாரே. வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 15, சனி

கடைசி செக்கிங்கிலிருந்து நாலு பீஸ் திரும்பி வந்துவிட்டது. கழுத்துப் பட்டியில் ஓட்டை. நாலிலும் 14. பன்னிரண்டு வருஷத்தில் ஒரே நாளில் நாலு வந்ததில்லை.

"ஏன்டி கலா, மனசு எங்கடி மேயப் போச்சு?" என்றார் பாப்பாத்தி அக்கா. "அன்னைக்குச் சீர்ல பாத்தேன், உன்ற மக ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டே உக்காந்திருந்தா? ரெண்டு ஐஸ்கிரீம் நாந்தான் வாங்கிக் குடுத்தேன், அப்பவும் சிரிக்கல."

எனக்கு அது ஞாபகம் இல்லை. பாவாடை நன்றாக இருந்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 23, ஞாயிறு

பத்து ஐந்துக்கு வந்தார். ஐந்து மணிக்கு விட்டார். ஜடை இரண்டும் ஒரே அளவு. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வக்கீல் போன் பண்ணினார். எட்டாம் தேதி டைரியோடு வரச் சொன்னார். அன்று அரைநாள் லீவு போட வேண்டும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மத்தியானம் வக்கீல் ஆபீஸ் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர். பெஞ்சில் உட்கார்ந்து, முக்கியமான பக்கங்களுக்குக் காகிதம் சொருகி வைக்கலாம் என்று டைரியை முதலிலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு தேதிக்கும் புதுப் பக்கம் எடுத்து எழுதியிருக்கிறேனே தவிர, எழுதியதை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

ஜூலை இரண்டாம் தேதிப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அம்பின் முனை 'காய்ச்சல்' என்ற வார்த்தையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கோணாமல், நான் ஒட்டுகிற மாதிரியே ஒட்டியிருந்தாள் தாரணி.

முகத்தில் குப்பென்று சூடு ஏறியது. மற்றப் பக்கங்களையெல்லாம் பரபரவென்று தேடினேன். வேறெங்கும் இல்லை. பதினொரு மார்க்குக்குப் பதினாலு தப்பு காட்டிய பக்கத்தில்கூட இல்லை. கீழே அதே பக்கத்தில் ஐஸ்கிரீம் இரண்டு என்று என் கையெழுத்து. எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

என் முறை வந்தது. "டைரி எங்கீங்க?" என்றார் வக்கீல்.

"வேண்டாமுங்க."

"ரெண்டு மாசம் எழுதீட்டு வேண்டாம்னா எப்படீங்க? நாளான்னைக்குக் கோர்ட்டு."

"எழுதுனதுல தப்பு இருக்குதுங்க" என்றேன். எந்தத் தப்பு என்று கேட்டார். முதலில் என் மகளிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்து தரையில் வைத்தேன். தாரணி பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"எப்படா ஒட்டுனே?"

"அதுக்கு மறுநாளு. நீ ஓவர்டைம் போயிருந்தப்ப."

"எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?"

"நீதானம்மா சொன்ன. யாரையும் திட்டக் கூடாது, ஸ்டிக்கர் ஒட்டுனாப் போதும், பாத்து ஆல்டர் பண்ணீருவாங்கன்னு." கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். "தினமும் பாத்தேன். நீ அந்தப் பக்கத்தத் தொறக்கவே இல்ல."

"அன்னைக்கு உங்கப்பா நெத்தியத் தொட்டாரே. ஏன் பரவால்லன்னு சொன்ன?"

"காய்ச்சலே இல்லீன்னு சொன்னா அப்பாவுக்கு உம்மேல கோவம் வரும். சொன்னதுனால வயிறு வலிச்சுது."

முப்பத்தேழு நாள் வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கதவை இழுத்து அவளைக் கட்டிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. இன்னும் என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறாளோ, இனிமேல் என்னென்ன ஒளிப்பாளோ. அந்த நான்கு மாதமும் அந்த மனிதருக்கு வயிறு வலித்திருக்குமா என்று இன்றுதான் முதல்முறையாக நினைத்தேன். அதற்காக அவர் செய்தது சரி என்று சொல்லவில்லை.

அம்புக்குக் கீழே பேனாவால் என் நம்பர் 14 என்று போட்டேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

காலையில் கவுன்சிலிங் அறைக்குத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பிள்ளை விஷயத்தில் என்ன முடிவு என்று மேடம் கேட்டார். சிகாமணி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். காலர் திரும்பியிருந்தது. சொல்லவில்லை.

"ஜூலை ரெண்டாந் தேதி தாரணிக்குக் காய்ச்சல் இல்லீங்க மேடம்" என்றேன். "நாந்தான் பொய் சொன்னேன். சனிக்கெழமை அங்க படுத்துக்கறேன்னு அவ கேட்டா. என்னால தாங்க முடியல. அதுக்காகத்தான். அவளையும் பொய் சொல்ல வெச்சுட்டேன்."

மேடம் அவரைப் பார்த்தார். வக்கீல் மரகதம் என்னை முறைத்தார். இனி என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷமாக நான் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்ல அவருக்கு இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த எளநி குடிச்சாளா?" என்றார்.

"குடிச்சா. ரெண்டையும் அவதான் குடிச்சா."

"சரி" என்றார்.

சனி சாயங்காலம் ஆறு மணி முதல் ஞாயிறு ஐந்து மணி வரை என்று எழுதினார்கள். கோடை லீவில் பாதிப் பாதி. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதன் பிறகு கோர்ட் ஹாலில் பெயரைக் கூப்பிட்டு, சம்மதமா என்று கேட்டு, ஐந்தே நிமிஷத்தில் விவாகரத்து முடிந்துவிட்டது. கல்யாணம் மூன்று நாள் நடந்தது. வெளியே வந்ததும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவரும் நின்றார். டீ குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 12, சனி

பையில் வைத்தது: பல் துலக்கும் பிரஷ், இரண்டு செட் துணி, போர்வை, கொசு மருந்து, வீட்டுப்பாட நோட்டு. எடுத்து, மடித்து, மறுபடி வைத்து, நாலு தரம் அடுக்கினேன். தாரணி கேட்டில் ஏறி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு இருபதுக்கு வந்தார். சும்மா எழுதினேன், பழக்கதோஷம்.

வண்டியில் ஏறப்போனவள் இறங்கி ஓடி வந்தாள். பையின் அடியில் கைவிட்டு, நாலாக மடித்திருந்த ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். அறிவியல் பேப்பர். இருபத்தைந்துக்கு ஒன்பது.

"அப்பாகிட்டக் கேக்கல. நீ போடு" என்றாள். முகத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேரையும் தண்டையும் மாற்றி எழுதியிருக்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தபோதே ஆறு தப்பு தெரிந்தது. பேனா எடுத்து வந்து, சுவரில் தாளை வைத்து, கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன்.